இரண்டு நூல் உயரம்

என் கணவர் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்த அதே ஆடி மாதத்தில்தான் எங்கள் ஊர் மினிபஸ் நின்றுபோனது. ஆற்றுப் பாலத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். நடந்து போகிறவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் பக்கத்திலேயே ஒரு சின்னப் பாலம் போட்டுவிட்டு, பெரிய வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். எங்களுடையது வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் நான் அங்கன்வாடி ஆசிரியை. மினிபஸ் ஓடிய வரைக்கும் வாசலில் ஏறி வாசலில் இறங்குவேன். இனி நடந்துதான் போக வேண்டும்.

நடை எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வருஷம் குதிகால் வலி வந்திருந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணிமேல் வைத்ததுபோல இருக்கும். டாக்டர் நடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

கொட்டகையில் என் கணவரின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அவர்தான் வந்துவிட்டாரே, கொண்டுபோய் விடுவார் என்று வாய்விட்டுச் சொல்லாமல் எதிர்பார்த்தேன். அவர் அதைத் துடைத்தார். ஸ்டார்ட் செய்துகூடப் பார்த்தார். ஆனால் வெளியே எடுக்கவில்லை.

"அங்க வண்டியே ஓட்டாம பழக்கம் விட்டுப்போச்சும்மா. உன்னையும் பின்னால வச்சிக்கிட்டு எங்கயாவது விழுந்துட்டா வம்பு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போது எங்களுக்குள் எதையும் சட்டென்று சொல்லிவிடும் பழக்கம் இல்லை. மகள் எல்கேஜி போன வருஷம் அவர் விமானம் ஏறினார். அவள் படித்து முடித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரேயடியாக வந்தார். நடுவில் லீவில் வந்து போனதெல்லாம் விருந்துக்கு வந்ததுபோல. போனில் நன்றாகத்தான் பேசுவோம். நேரில், ஒரே கூடத்தில் நாள் முழுக்க இருக்கும்போது, எதைப் பேசுவது என்று தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவரே எழுந்துபோய் சொம்பைத் தேடுவார். துண்டை மடித்துப் பெட்டிமேல் வைப்பார், நாளைக்கே கிளம்புகிறவர் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் சைக்கிளை வெளியே எடுத்துப் போட்டார். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல சைக்கிள். செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, பிரேக் கட்டைகளை மாற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல போ. காலுக்கும் நல்லது. குதிகால்ல பாரம் விழாது."

"எனக்கு ஓட்டத் தெரியாதேங்க."

"கத்துக்கலாம். நாப்பத்தஞ்சு ஒரு வயசா?"

சின்ன வயதில் எங்கள் வீட்டில் அண்ணன்களுக்குத்தான் சைக்கிள். எனக்கு ஆசை இருந்ததா என்றுகூட நினைவில்லை. யாரும் கேட்டதில்லை.

என் மகள் அவள் அப்பாவைப்போல நெட்டை. நான் அவர் தோளுக்கும் கீழே. அவர் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு என்னை சைக்கிள் பக்கத்தில் நிற்கவைத்தார். சீட் இடுப்பெலும்பு மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார்களாம். என் இடுப்பருகே கையை வைத்துப் பார்த்து சீட்டை இறக்கினார். அவ்வளவு நாள் கழித்து அவர் கை அங்கே பட்டதில் எனக்குக் கூச்சமாக இருந்தது. தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்தால் கட்டை விரல் மட்டும்தான் தரையில் பட்டது.

"என்னங்க இது, கால் எட்டலையே!"

"எட்டக் கூடாது. எட்டினா முட்டி மடங்கிக்கும், மிதிக்க முடியாது. நான் பின்னால புடிச்சிருக்கேன்ல, போ."

வாய்க்கால் ஓரத்து ரோட்டில் அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் மிதித்தேன். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தண்ணீர் மட்டும்தான் கண்ணில் பட்டது. எதைப் பார்க்கிறோமோ அந்தப் பக்கமே சைக்கிள் போகும் என்பது அப்போது தெரியாது. ஹேண்டில்பார் வாய்க்கால் பக்கமே திரும்பியது. "நேரா பாரு, நேரா பாரு" என்று அவர் கத்தினார். காலை ஊன்றத் தரையைத் தேடினேன், கிடைக்கவில்லை. கோரைப்புல் மேட்டில் சைக்கிளோடு சாய்ந்தேன். அவரால் பிடித்து நிறுத்த முடியவில்லை. முழங்கை சிராய்த்து, புடவைக் கரை செயினில் மாட்டிக் கிழிந்தது.

புல்லுக்கட்டு சுமந்து வந்த பக்கத்து வீட்டு அக்கா புல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கினார். அக்கா போனதும் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

"உயரம் சரியாத்தான் இருக்கு. உன் பயந்தான் காரணம்" என்றார் என் கணவர்.

"உங்க போனுக்குச் சரியா இருக்கு. எனக்குச் சரியா இல்ல."

அன்றைக்கு அதற்குமேல் பேச்சில்லை. மறுநாளும் இல்லை. நான் நடந்தே வேலைக்குப் போய்வந்தேன்.

அங்கன்வாடியில் அந்த வாரம் ஒரு பெண் குழந்தை நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினால் கால் பின்னிக்கொண்டு அழுவாள். விட்டுவிட்டால் சுவரைப் பிடித்து எழுவாள், தொப்பென்று உட்காருவாள், மறுபடி எழுவாள். உட்காரத் தரை பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் குழந்தைகள் எழுந்திருக்கின்றன. இதை எத்தனையோ தாய்மார்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவள் தொப்பென்று உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்தபோது, அந்த சைக்கிளில் எனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவருடைய கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். சீட்டுக்குக் கீழே இருந்த நட்டைக் கழற்றவே பெரும்பாடு. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் அது இளகியது. சீட்டின்மேல் முழு எடையையும் போட்டு உட்கார்ந்து, அடிவரைக்கும் இறக்கினேன். இரண்டு பாதங்களும், வலிக்கிற குதிகாலோடு சேர்த்து, தரையில் முழுசாகப் பதிந்தன. கொஞ்ச நேரம் சும்மா அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பீரோவில் மகள் விட்டுப்போன சுடிதார் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மடித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். குறுவை அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் அதன் சிமெண்ட் களம் காலியாகக் கிடந்தது. சீட்டில் உட்கார்ந்து, பெடலைத் தொடாமல், இரண்டு கால்களாலும் தரையை உந்தி உந்திப் போனேன். எங்கள் அங்கன்வாடிக் குழந்தைகள் பிளாஸ்டிக் காரில் போவார்களே, அதேபோல. சாய்கிற பக்கம் காலை ஊன்றினால் போதும், விழுவதற்கு வழியே இல்லை. களத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வந்தேன். ஒரு கட்டத்தில் உந்திவிட்டுக் கால்களை மேலே தூக்கினேன். சைக்கிள் தானாகவே போயிற்று. முகத்தில் காற்று பட்டது. களம் முடியும் இடத்தில் காலை ஊன்றி நின்றபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

திரும்பினால் அவர் களத்தோரத்துக் கொட்டகைத் தூண் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. பாட்டிலை நீட்டினார்.

"நான் அன்னிக்கே எறக்கி வச்சிருக்கணும்" என்றார்.

பெடல் மிதிக்க வந்ததும் அந்தக் களத்திலேயே. அதன்பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் அங்கே போய்ச் சுற்றுவேன். அவர் தூணோரம் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் முட்டி வலிக்க ஆரம்பித்தது. சீட் இவ்வளவு கீழே இருந்தால் முட்டி மார்புவரை வருகிறது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சீட்டை ஏற்றிவிடுவார், மறுபடியும் கால் அந்தரத்தில் தொங்கும் என்று பயம். சமையலறைக்குள் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டேன். வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் நிலைப்படியில் வந்து நின்றார்.

"எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல. கால்தான்."

"கால்ல எங்க?"

"முட்டி."

"முட்டியில முன்னாடியா, பின்னாடியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷமாகப் போனில் "எல்லாம் நல்லா இருக்கீங்களா" என்பார், நான் "நல்லா இருக்கோம்" என்பேன். பிரசவத்துக்குப் பிறகு வந்த இடுப்பு வலி, மழைநாளில் வரும் தலைவலி எதுவும் அந்தக் கேள்விக்குள் அடங்காது. முன்னாடியா பின்னாடியா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. தொட்டுப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

"முன்னாடி. இந்தச் சில்லுக்குக் கீழ."

"அப்ப சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு. ரெண்டு நூல் ஏத்தவா? பயமா இருந்தா மறுபடியும் எறக்கிடலாம்."

நூல் என்பது அவர் தொழிலில் புழங்கும் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குழாய் பொருத்தும் வேலை அவருக்கு. இரண்டு நூல் என்றால் என் சுண்டு விரல் அகலம்கூட வராது. அவ்வளவுதானே என்று தலையாட்டினேன். மறுபடியும் இறக்கிடலாம் என்று சொன்னாரே, அதற்காகத்தான் தலையாட்டினேன் என்றும் சொல்லலாம்.

அப்படி ஆரம்பித்தது. சாயங்காலம் களத்துக்குப் போவோம். "இன்னிக்கு ஏத்தவா?" என்பார். சில நாள் சரி என்பேன், சில நாள் வேண்டாம் என்பேன். வேண்டாம் என்றால் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொள்வார். ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "மிதிக்கிறப்ப இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுது. கூடிப்போச்சு" என்று ஒரு நூல் இறக்கினார். உட்கார்ந்தபடியே குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை அழுத்தச் சொன்னார். கால் நேராக நின்றது. பிறகு பாதத்தின் முன்பக்கத்தை வைக்கச் சொன்னார். முட்டி லேசாக மடங்கியது.

"இப்ப?"

"வலிக்கல."

"கால்?"

"நுனிக்கால் எட்டுது. ரெண்டும்."

வீடியோவில் சொன்ன உயரத்துக்கு அது கொஞ்சம் கீழேதான். அவர் ஒரு ஆணியால் சீட் கம்பியில் கீறி அடையாளம் வைத்தார்.

முட்டி சரியானதும் உள்ளங்கை மரத்துப்போயிற்று. அவரிடம் இப்போது நானாகவே சொன்னேன், சுண்டுவிரல் பக்கம்தான் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதென்று. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் ஓடும் ரசமட்டம், அதைச் சீட்டின்மேல் வைத்துப் பார்த்தார். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தது. நான் முன்னால் வழுக்கி வழுக்கி, எடை முழுவதையும் கையில் தாங்கியிருக்கிறேன். மட்டமாக்கி, சீட்டை ஒரு விரல் முன்னுக்கும் தள்ளினார். மகளின் நீளக் கைக்கு இருந்த தூரம் எனக்கு அதிகம்.

இன்னொரு வலி இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கம். இரண்டு நாள் தாமதித்தேன்.

"உக்கார்ற எடத்துல" என்றேன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. "எலும்புலயா, சதையிலயா?" என்று கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. அப்புறம் அவரும் சிரித்தார். காலியான களத்தில் இரண்டு பேரும் அப்படிச் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. மறுநாள் வலங்கைமான் போய், ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் ஒன்று வாங்கி வந்தார்.

கடைசியாக ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டியிருந்தது. குனிந்து ஓட்டுவதால் கழுத்து பிடித்துக்கொண்டது. ஹேண்டில்பார் தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. வாசலில் சைக்கிளை நிறுத்தி, முன்சக்கரத்தை நான் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள, அவர் ஹேண்டில்பாரைத் திருகி மேலே இழுத்தார். இடது கையால்தான் இழுத்தார். வரவில்லை. வலது கையையும் சேர்த்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். ஹேண்டில்பார் மேலே வந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, உதட்டுக்குமேல் வியர்த்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது.

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. சட்டை போடும்போது முதலில் வலது கையை நுழைத்து, துணியைத் தோளுக்கு இழுத்துவிட்டு, அப்புறம்தான் இடது கை. தலை வாருவது இடது கையால். பரணிலிருந்து அண்டாவை எடுக்கச் சொன்னபோது ஸ்டூல் போட்டு ஏறியது. வாய்க்கால் ஓரத்தில் என்னைப் பிடித்து நிறுத்த முடியாமல் போனது. அந்த மோட்டார் சைக்கிள்.

"உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. திடீர்னு இழுத்ததுல."

"ஒண்ணுமில்லன்னு நான் சொன்னப்ப நீங்க விட்டீங்களா? தோள்லயா? முன்னாடியா, பின்னாடியா?"

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு சொன்னார். அங்கே ஒரு கட்டடத்தில் குழாயைத் தோளில் வைத்து இறங்கும்போது படி வழுக்கியிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதில் தோள் போயிற்று. மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்து, பிறகு கை மேலே போகாமல் இறுகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படியே வேலை பார்த்திருக்கிறார். வீடியோ கால் பேசும்போது முகம் மட்டும்தானே தெரியும்.

"ஏன் சொல்லல?"

"என்ன சொல்றது. கை ஆகாதவனா வந்து நிக்கிறேன்னா? வீட்டுக்கு வந்து ஏதாவது வேலை பாத்துக் குடுக்கலாம்னு நெனச்சேன். உன்னைக் கொண்டுபோய் விடக்கூட முடியல."

அவர் பின்னால் போய் உட்கார்ந்து, வலது தோளில் கையை வைத்தேன். சட்டைக்கு உள்ளே தோள் கல்லாக இருந்தது. விரலை நகர்த்தி நகர்த்தி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டேன். ஒரு இடத்தில் மூச்சை இழுத்தார். அங்கேயே கையை வைத்துக்கொண்டேன். தெருவில் ஆட்கள் போனார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது.

ஹேண்டில்பார் நட்டை அன்று நான்தான் இறுக்கினேன். அவர் உட்கார்ந்தபடி, "இன்னும் கொஞ்சம், போதும், இப்ப சக்கரத்துக்கு நேரா இருக்கான்னு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே தஞ்சாவூருக்கு டாக்டரிடம் போனோம். தோள் மூட்டு இறுகியிருக்கிறது, பயிற்சி செய்தால் படிப்படியாக இளகும், அவசரப்படக் கூடாது என்றார். வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்கு வரச் சொன்னார். வீட்டில் தினமும் சுவரில் விரலை வைத்து மேலே ஏற்ற வேண்டும். காலையில் உலை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நிற்பேன். எந்த உயரத்தில் வலி ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்தச் சொல்வேன். அதற்கு மேலே ஏற்றப் பார்ப்பார். "வேண்டாம், எறக்குங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பேன்.

புரட்டாசி பிறந்ததும் குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்து குவிந்தது. களத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. ரோட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை. முதல்நாள் அங்கன்வாடிக்குப் போனபோது நெல் மூட்டை ஏற்றிய லாரி எதிரில் வந்தது. ஓரத்தில் இறங்கி நின்றுகொண்டேன். அது போனபிறகு தனியாக ஏறி மிதிக்க முடிந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அங்கன்வாடி வாசலில் இறங்கியபோது குழந்தைகள் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள். "டீச்சர், இது யாரு சைக்கிளு?" என்றது ஒன்று. என்னுடையது என்றேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. அவர் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். மெயின் ரோடு பஸ் நிறுத்தம்வரை அவர் நடக்க, நான் பக்கத்தில் மெதுவாக மிதித்தேன். நடப்பவர் வேகத்துக்கு சைக்கிள் ஓட்டுவது கடினம். இரண்டு முறை காலை ஊன்றினேன். வயலெல்லாம் சம்பா நாற்று நட்டு, தண்ணீருக்குமேல் பச்சை மெல்ல எழும்பியிருந்தது. நிறுத்தத்தில் அவரை விட்டுவிட்டு, ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பும் இடம்வரை மெயின் ரோட்டிலேயே போனேன்.

பின்னால் பஸ் சத்தம் கேட்டது. இன்னும் ஓரமாக ஒதுங்கினேன், ஆனால் இறங்கவில்லை. பஸ் என்னைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து அவர் குரல் வந்தது. "பாத்துப் போ!" என்றார். கை வெளியே நீண்டு ஆடியது ஓரக்கண்ணில் தெரிந்தது. எந்தக் கை என்று பார்க்க முடியவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவும், பதிலுக்குக் கையை எடுத்து ஆட்டவும் எனக்கு இன்னும் பழகவில்லை.

அதனால் மணியை அடித்தேன். பஸ் வளைவில் மறையும்வரை அடித்துக்கொண்டே போனேன்.